கத்தோலிக்க மகளிர் கல்லூரியின் மாணவியர் கையேட்டில் அந்தரங்கத்துக்கு எவ்வளவு இடம் தரலாம்?

கேள்வி: விடுதிக் காப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். துறவற சபை ஒன்று நடத்தும் மகளிர் கல்லூரியில் பணியாற்றுகிறேன். மாணவியர் கையேட்டைத் திருத்தும் குழுவில் விடுதியின் சார்பாக என்னையும் சேர்த்திருக்கிறார்கள். வரைவு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்றாலும் மூன்று விதிகளில் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

முதலாவது, "கல்லூரியின் கத்தோலிக்க விழுமியங்களுக்கு ஒவ்வாத எந்த நடத்தையும் ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது" என்ற விதி. ஒவ்வாத நடத்தை எது என்று கையேட்டில் எங்கும் சொல்லப்படவில்லை. இரண்டாவது, உளநல ஆலோசகரிடம் மாணவியர் பேசியதன் சுருக்கத்தை மாதந்தோறும் மாணவியர் நலப் பொறுப்பாளருக்கு அனுப்ப வேண்டும் என்பது. மூன்றாவது, ஒழுங்கு மீறல் சிறியதோ பெரியதோ, பெற்றோருக்கு உடனே தெரிவிக்கப்படும் என்பது.

இந்த விதிகளை ஆதரிக்கும் மூத்த அருட்சகோதரியின் நோக்கத்தில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. நாம் வாடகைக்கு அறை கொடுப்பவர்கள் அல்லர், ஒரு குடும்பம், குடும்பத்துக்குள் ஒளிவுமறைவு எதற்கு என்று அவர் கேட்கிறார். ஆனால் நான் தினமும் பார்ப்பது வேறு. ஆலோசனை அறைக்கு வெளியே மேசைமீது ஒரு பதிவேடு திறந்தே கிடக்கிறது. அதில் பெயர், வகுப்பு, நேரம், வந்த காரணம் என்று நான்கு பத்திகள் இருக்கின்றன. அடுத்து வரும் மாணவி தன் பெயரை எழுதும்போது மேலே உள்ள வரிகள் எல்லாம் அவள் கண்ணில் படும். அதனால் கடைசிப் பத்தியில் பக்கம் பக்கமாக "தலைவலி" என்றே எழுதப்பட்டிருக்கிறது.

கத்தோலிக்கக் கல்லூரி என்ற அடையாளத்தையும் குழும வாழ்வையும் விட்டுக்கொடுக்காமல் மாணவியின் அந்தரங்கத்தைக் காக்க முடியுமா? திருச்சபையின் போதனையும் நாட்டுச் சட்டங்களும் இதில் என்ன சொல்கின்றன என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் அடுத்த கூட்டத்தில் எடுத்துவைக்க உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: திருச்சட்டம் பயில்பவர்

வணக்கம் அம்மா. அந்தரங்க உரிமை என்பது வெளியுலகிலிருந்து நம் நிறுவனங்களுக்குள் திணிக்கப்பட்ட கருத்து என்ற எண்ணம் நம்மிடையே பலருக்கு இருக்கிறது. 1983ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பைத் திறந்து பார்த்தாலே அந்த எண்ணம் நீங்கிவிடும். ஒருவருக்குள்ள நற்பெயருக்கு முறையின்றிக் களங்கம் விளைவிக்கவோ, தம் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ள அவருக்குள்ள உரிமையை மீறவோ யாருக்கும் அனுமதி இல்லை என்று 220ஆம் சட்டம் சொல்கிறது.

உங்கள் குழுவுக்கு இதைவிட நேரடியாகப் பயன்படக்கூடியது 985ஆம் சட்டம். நவதுறவியரின் (துறவறப் பயிற்சியின் தொடக்க நிலையில் இருப்பவர்களின்) பயிற்றுநர், குருமடத்தின் (குருக்களைப் பயிற்றுவிக்கும் இல்லத்தின்) அதிபர், மற்றக் கல்வி நிறுவனத்தின் அதிபர் ஆகியோர் தம்மோடு அதே இல்லத்தில் தங்கியிருக்கும் மாணவர்களின் ஒப்புரவு அருட்சாதனத்தை, அதாவது பாவ அறிக்கையை, கேட்கக் கூடாது. மாணவரே குறிப்பிட்ட சமயத்தில் தாமாக விரும்பிக் கேட்டால் மட்டும் அதற்கு விலக்கு உண்டு. காரணம் எளிது. சேர்ப்பதும் நீக்குவதும் யார் கையில் இருக்கிறதோ, அவரிடமே மனத்தைத் திறக்க வேண்டியிருந்தால் ஒன்று மாணவர் உண்மையை மறைப்பார், அல்லது சொன்ன உண்மையே அவருக்கு எதிராகத் திரும்பும். ஒப்புரவில் அறிந்த எதையும் வெளி நிர்வாகத்துக்குப் பயன்படுத்த அதிகாரத்தில் உள்ளவருக்கு உரிமையில்லை என்று 984ஆம் சட்டமும், குருமட மாணவரை நீக்குவது பற்றி முடிவெடுக்கையில் ஆன்ம இயக்குநரின் கருத்தை ஒருபோதும் கேட்கக் கூடாது என்று 240ஆம் சட்டமும் சொல்கின்றன. துறவறத் தலைவர்களே தம் உறுப்பினர்களை மனச்சான்றை வெளியிடும்படி எவ்வகையிலும் தூண்டக் கூடாது என்பது 630ஆம் சட்டம். உங்கள் சபையின் சகோதரிகள் இந்தப் பாதுகாப்பை நவதுறவியராய் இருந்த காலத்திலிருந்தே அனுபவித்து வருபவர்கள். அதே பாதுகாப்பைத் தங்கள் மாணவியருக்கும் தரச் சொல்லித்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

உளநல ஆலோசனை அருட்சாதனம் அன்று. ஆகவே பாவ அறிக்கையில் கேட்டதைக் குரு வெளியிடவே கூடாது என்ற அருட்சாதன முத்திரையின் சட்டம் அதற்கு அப்படியே பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்பவரும் தண்டிப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்ற ஞானம் இரண்டுக்கும் பொதுவானது. மாதாந்தரச் சுருக்கம் அந்த எல்லையை அழித்துவிடும்.

முதல் விதியைப் பற்றியும் ஒரு சொல். கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்காகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1990 ஆகஸ்ட் 15 அன்று வெளியிட்ட "எக்ஸ் கோர்தே எக்லேசியே" என்ற சட்டமடல், கத்தோலிக்கப் போதனையும் ஒழுங்கும் நிறுவனத்தின் எல்லாச் செயல்பாடுகளிலும் விளங்க வேண்டும் என்று சொல்லும் அதே வாக்கியத்தில், ஒவ்வொருவரின் மனச்சான்றின் சுதந்திரமும் முழுமையாக மதிக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. நிறுவனத்தின் கத்தோலிக்க அடையாளத்தை அறிந்து மதிக்க வேண்டும் என்று எல்லா மாணவர்களிடமும் அது கேட்கிறது. மதிப்பதைக் கேட்கலாம், நம்புவதைக் கட்டளையிட முடியாது. உங்கள் கையேடும் இந்த அளவில் நின்றால் போதும்.

மறுமொழி 2: வழக்குரைஞர்

கேட்டவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று குறிப்பிடவில்லை. இங்கே வாசிப்பவர்களும் பல நாடுகளில் இருக்கிறார்கள். எனவே எனக்குப் பழக்கமான இரண்டு நாட்டுச் சட்டங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டின் குடும்பக் கல்வி உரிமைகள் மற்றும் அந்தரங்கச் சட்டம், மத்திய அரசின் கல்வி நிதியைப் பெறும் கல்லூரிகளைக் கட்டுப்படுத்துகிறது. மாணவி 18 வயதை அடைந்தாலோ கல்லூரியில் சேர்ந்தாலோ, கல்விப் பதிவேடுகள்மீது பெற்றோருக்கு இருந்த உரிமை அவளுக்கு மாறிவிடும். விதிவிலக்குகள் உண்டு. வருமான வரிக் கணக்கில் அவள் பெற்றோரைச் சார்ந்தவளாக இருந்தால் அவர்களுக்குத் தகவல் தரலாம். 21 வயதுக்கு உட்பட்டவர் மது அல்லது போதைப்பொருள் விதியை மீறினாலும், உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ அவசர ஆபத்து நேர்ந்தாலும் அப்படியே. இவை அனைத்தும் "தரலாம்" என்று அனுமதிக்கும் விதிகள். தந்தே தீர வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. சட்டம் இடம் கொடுப்பதாலேயே எல்லாவற்றையும் வீட்டுக்குத் தெரிவித்துவிட வேண்டும் என்று கல்லூரி நிர்வாகங்கள் முடிவெடுப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். அது அவர்களே எடுக்கும் முடிவு, சட்டத்தின் தலையில் அதைக் கட்டக் கூடாது. அங்கே தனியார் கல்லூரிக்கும் மாணவிக்கும் இடையே கையேட்டையே ஒப்பந்தம்போலக் கருதி நீதிமன்றங்கள் தீர்ப்பளிப்பதும் உண்டு. ஆகவே தெளிவற்ற ஒரு வரி கல்லூரிக்கே இடைஞ்சலாகலாம்.

இந்தியாவில் சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு காக்கிறது. அதே அரசமைப்பின் 28ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் நிறுவனத்தில் பயில்பவரை அவரது ஒப்புதலின்றி, அவர் சிறார் என்றால் காப்பாளரின் ஒப்புதலின்றி, சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் செய்யக் கூடாது என்கிறது. திருப்பலிக்கு வருகைப்பதிவு எடுக்கும் விடுதிகள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகள், மாணவியரின் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆண் மாணவர்களுக்கு இல்லாத பாகுபாடான விடுதி விதிகளை விதிக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. மனநலச் சிகிச்சை பெறுபவரின் தகவல் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் உள்ள உரிமை. அதற்கும் உயிர் ஆபத்து போன்ற விதிவிலக்குகள் உண்டு.

அந்தப் பதிவேட்டின் நான்காம் பத்தியை நாளைக்கே நீக்கிவிடுங்கள். அதற்குக் குழுவின் தீர்மானம் தேவைப்படாது.

மறுமொழி 3: முன்னாள் மாணவி

நான் இந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவள். இத்தகைய கல்லூரி ஒன்றின் விடுதியில் தங்கித்தான் பட்டம் பெற்றேன். அங்கே பெற்ற குழும வாழ்வை இன்றும் பெரிதாக மதிக்கிறேன். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அந்த மாடியே விழித்திருக்கும். இரவு வாசிப்பு நேரத்தின் அமைதியை யாரும் குலைக்க மாட்டார்கள். காலை மன்றாட்டில் நான் மரியாதையோடு எழுந்து நிற்பேன். சிலுவை அடையாளம் போடும்படி எந்தச் சகோதரியும் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் கண்ணியம்தான் என்னை அந்த இடத்தோடு பிணைத்தது. உரிமைகளைப் பேசினால் குழும உணர்வு குலைந்துவிடும் என்ற அச்சத்துக்கு என் அனுபவத்தில் இடமில்லை.

ஆனால் முதல் விதி எனக்குக் கவலை தருகிறது. எல்லை சொல்லப்படாத விதி எல்லார்மீதும் ஒரே மாதிரி விழாது. கேட்பதற்கு ஆள் இல்லாத வீட்டுப் பெண்மீதும், விடுதியில் ஏற்கெனவே பெயர் அடிபட்டவள்மீதும்தான் அது முதலில் விழும். யாருடன் பழகினாள், எந்தப் படத்தைப் பகிர்ந்தாள் என்பதெல்லாம் விழுமியக் கேள்வியாகிவிடும். தேர்வில் காப்பி அடித்தவளும் துப்புரவுப் பணியாளரை இழிவாகப் பேசியவளும் எளிதாகத் தப்பிவிடுவார்கள். நேர்மையும் பணியாளரை மதிப்பதும் கத்தோலிக்க விழுமியங்கள் அல்லவா? அவற்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

பெற்றோருக்குத் தெரிவிப்பது மகளிர் கல்லூரியில் எத்தகைய விளைவைத் தரும் என்பதைக் குழு சிந்திக்க வேண்டும். மகன் விடுதிக்குத் தாமதமாக வந்தான் என்ற தகவல் வீட்டில் ஒரு கண்டிப்போடு முடியும். மகளைப் பற்றிய அதே தகவலால் அவள் படிப்பே நிற்கலாம், அவசரத் திருமணமும் நடக்கலாம். சில வீடுகளில் அடிப்பவரே பெற்றோராக இருப்பார். அந்த வீட்டுக்குத்தான் நாம் தொலைபேசியில் பேசுகிறோம் என்பது நமக்குத் தெரியாமலே போகும்.

தயங்கித்தான் இதை எழுதுகிறேன். மாணவி ஒருத்தி கருவுற்றால் என்ன நடக்கும் என்பதையும் இந்தக் கையேடு தீர்மானிக்கிறது. நீக்கப்படுவோம், வீட்டுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று அஞ்சுபவள் யாரிடமும் வாய் திறக்காமல் தனியாக முடிவெடுப்பாள். கருவில் உள்ள உயிரைக் காப்பதே தன் நம்பிக்கை என்று சொல்லும் கல்லூரி, அவள் முதலில் வந்து தட்டக்கூடிய கதவாக இருக்க வேண்டாமா? அந்தக் கதவு ரகசியம் காக்கப்படும் என்ற உறுதி இருந்தால்தான் திறக்கும்.

மறுமொழி 4: இரண்டு மகள்களின் தந்தை

முன்னாள் மாணவி சொன்னதை மதிக்கிறேன் அம்மா. ஆனாலும் எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பெரிய மகள் விடுதியில் இருந்து படிக்கிறாள். அவள் தாமதமாக வந்ததையெல்லாம் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவள் உண்ணாமல் உறங்காமல் பல நாள் கிடந்து, கல்லூரிக்குத் தெரிந்தும் எங்களுக்குத் தெரியவில்லை என்றால் அதை எந்தப் பெற்றோராலும் தாங்க முடியாது. ரகசியம் என்ற பெயரில் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவும் நிர்வாகங்கள் பழகிவிடக் கூடாது. எந்த நிலையில் எங்களை அழைப்பார்கள் என்று சேர்க்கையின்போதே எழுத்தில் தெரிந்துவிட்டால் எங்களுக்கும் நிம்மதி, பிள்ளைக்கும் தெளிவு.

கேட்டவரின் பதில்: விடுதிக் காப்பாளர்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. 985ஆம் சட்டத்தை மூத்த சகோதரியிடம் இன்று காட்டினேன். நீண்ட நேரம் படித்துவிட்டு, மாதாந்தரச் சுருக்கத்துக்குப் பதிலாக எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார். பதிவேட்டையும் எடுத்துவிட்டோம், இனி ஆலோசகரே நேரம் ஒதுக்கித் தம்மிடம் குறித்துவைத்துக்கொள்வார்.

முதல் விதியைப் பிரித்து, விழுமியங்களை முன்னுரையில் நம்பிக்கை அறிக்கையாகவும், தண்டனைக்குரிய செயல்களைத் தனியாகப் பெயர் சொல்லியும் எழுதப் போகிறோம். இன்னும் தீராதது பெற்றோர் பற்றிய விதிதான். முதலாண்டில் சேர்பவர்களில் சிலருக்கு 17 வயதுதான் ஆகிறது. ஆபத்து என்பதையும் எப்படி வரையறுப்பது என்று தெரியவில்லை.

மறுமொழி 5: வழக்குரைஞர்

அந்த 17 வயதுப் பெண்ணின் நிலை நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் நான் மேலே சொன்ன 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கல்லூரியில் சேர்ந்துவிட்டாலே பதிவேட்டு உரிமை அவளுடையதாகிவிடும். இந்தியாவில் 18 வயது நிறையும்வரை சட்டத்தின் பார்வையில் அவள் சிறார். காப்பாளரின் இடத்தை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. எனவே சிறாருக்கென்று தனி உட்பிரிவு எழுதுங்கள். 18 வயது நிறையும் நாளில் அது தானாகவே அவளுக்குப் பொருந்தாமல் போகும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

ஆபத்து பற்றிய விதியை நான் இப்படி எழுதுவேன்: "மாணவியின் உயிருக்கோ பிறரின் உயிருக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து இருப்பதாக ஆலோசகரோ மருத்துவரோ கருதினால், அந்த ஆபத்தைத் தவிர்க்கத் தேவையான தகவல் மட்டும், உதவக்கூடியவருக்கு மட்டும் தெரிவிக்கப்படும். இயன்றவரை மாணவியிடம் முன்னதாகச் சொல்லிவிட்டே இது செய்யப்படும். வீட்டிலிருந்தே ஆபத்து வரலாம் என்று மாணவி சொன்னால், சேர்க்கையின்போது அவள் பெயர் குறிப்பிட்ட வேறொரு நம்பிக்கைக்குரியவர் அழைக்கப்படுவார்." இந்தக் கடைசி வரிக்காகச் சேர்க்கைப் படிவத்தில் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். அந்தப் பகுதியை மாணவி பெற்றோர் உடனில்லாமல் தனியாக நிரப்பும்படி ஏற்பாடு செய்யுங்கள்.