புதுப்பிப்பு: மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது, பர்சரியும் (கட்டண உதவி)

லண்டனில் படிக்கும் எங்கள் மகளை விடுதியும் உள்ள ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் ஆண்டுக்குச் சேர்க்க எங்கள் சம்பளத்தில் முடியுமா என்று போன செப்டம்பரில் கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. இடம் கிடைத்துவிட்டது, வீட்டிலிருந்தே போய் வருவாள்.

ஸ்காலர்ஷிப்பும் பர்சரியும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். ஸ்காலர்ஷிப் திறமைக்குத் தருவது. பல பள்ளிகளில் அது கட்டணத்தில் சிறு பங்கைத்தான் குறைக்கும். பெரிய சுமையை இறக்குவது குடும்ப வருமானம் பார்த்துத் தரும் பர்சரிதான். எங்கள் பள்ளியில் அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கடைசி நாள். நான்கு நாள் இருக்கும்போதுதான் கவனித்தேன். பி60 (வேலை தருபவர் ஆண்டு முடிவில் தரும் சம்பள, வரிச் சான்று), சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு எல்லாம் கேட்டார்கள். ஊரில் என் பெயரில் உள்ள அரை ஏக்கர் நிலத்தையும் மறைக்காமல் எழுதினேன்.

கணிதம், ஆங்கிலத் தேர்வுகளைவிட நேர்காணலுக்குத்தான் பயந்தோம். ஆசிரியை ஒரு கூழாங்கல்லைக் கையில் கொடுத்து, இதைப் பற்றிச் சொல் என்றாராம். ஆச்சி வீட்டு அம்மிக்கல்லைப் பற்றிப் பத்து நிமிடம் பேசியிருக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம், 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20% வாட் (மதிப்புக் கூட்டு வரி) உண்டு. பள்ளி சொல்லும் தொகையில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பர்சரியை ஆண்டுதோறும் மறுபடி பார்ப்பார்கள், அதனால் காகிதங்களை ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன்.