பட்டை தீட்டாத 2.40 காரட் கல்: வைரம்தானா, என்ன பெறும்?

செம்மண்காடு:
கர்னூல் மாவட்டம் ஜொன்னகிரி பக்கம் மழைக்கப்புறம் பொறுக்கிய கல், உறவினர் கையில் இருக்கிறது. 0.480 கிராம், அதாவது 2.40 காரட். எட்டு முகம் தெரிகிறது. மேல்தோல் ஆவி படிந்த கண்ணாடி மாதிரி மங்கல், லேசான பழுப்பு. பேனா டெஸ்டர் (முனையை வைத்தால் வைரத்துக்கு ஒலி எழுப்பும் சின்னக் கருவி) ஒருமுறை கத்துகிறது, மறுமுறை இல்லை. புரோக்கர் ஒரு விலை சொல்லி இன்றைக்கே கேட்கிறார். எப்படிச் சோதிப்பது?

கல்தராசு:
முதலில், சுத்தியலால் தட்டிப் பார்க்க யாரையும் விடாதீங்க. கீறல் விழாத கல்தான், ஆனால் நாலு திசையில் சுலபமாகப் பிளக்கும்.

டெஸ்டர் முனை சொரசொரப்பில் பதியாமல் போனாலும், மேலே எண்ணெய், மண் இருந்தாலும் இப்படித்தான் மாறி மாறிக் காட்டும். ஆல்கஹாலில் கழுவிக் காயவைத்து, வழவழப்பான முகத்தில் செங்குத்தாக வையுங்க.

அடுத்து அடர்த்தி. 0.001 கிராம் காட்டும் தராசு வேணும். மெல்லிய கம்பியில் தொங்கவிட்டு நீருக்குள் எடை பாருங்க, 0.344 வந்தால் இழப்பு 0.136. 0.480-ஐ அதால் வகுத்தால் 3.53, வைரம் 3.52. குவார்ட்ஸ் 2.65-தான். 0.01 கிராம் தராசு இதற்கு உதவாது. கடைசி இலக்கம் ஒன்று நகர்ந்தாலே 3.43, 3.69 என்று தாவும். வைரத்தில் தண்ணீர் ஒட்டாது, குமிழிதான் ஒட்டும். குமிழி இருந்தால் அடர்த்தி குறைவாக வரும். நீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டால் போதும்.

செம்மண்காடு:
3.53 வந்தது. ஆனால் புஷ்பராகமும் (டோபாஸ்) அதே அளவாமே?

கல்தராசு:
ஆமாம், அதனால் அடர்த்தியோடு நிறுத்தக்கூடாது. 10 மடங்கு லென்ஸில் முகங்களைப் பாருங்க. முகத்தின் முக்கோணம் மேல்நோக்கி இருந்தால், அதில் கீழ்நோக்கிய குட்டி முக்கோணக் குழிகள் தெரியணும். இயற்கை வைரத்தின் கையெழுத்தே அதுதான். சுத்தமான முகத்தில் டெஸ்டரும் தொடர்ந்து கத்தினால் புஷ்பராகம் இல்லை.

ரஃப்மேசை:
விலைக்கு வருவோம். 2.40 காரட்டுக்கு யாரும் பணம் தரமாட்டார்கள், உள்ளே தேறுவதற்குத்தான் தருவார்கள். நல்ல எண்முகக் கல்லை இரண்டாக அறுத்தால், இரண்டும் சேர்த்து ஏறக்குறையப் பாதி. கோணல் கல்லில் மூன்றில் ஒரு பங்கு தேறினாலே நல்லது. தீட்டிய கல் 1 காரட்டுக்கு 2 சென்ட் (0.02 காரட்) குறைந்தாலும் காரட் விலையே ஒரு படி இறங்கும்.

பழுப்பு தோலிலா, உடம்பிலா என்பதுதான் இங்கே பெரிய கேள்வி. ஒரு முகத்தில் சின்ன ஜன்னல் தீட்டித் திறந்தால் நீரோட்டமும் (உள்ளே உள்ள நிறம், தெளிவு) கரும்புள்ளியும் தெரியும். உள்ளே ஒரே புள்ளி இருந்தாலும் முகங்களில் பிரதிபலித்து நாலைந்தாகத் தெரியும், பயப்படவேண்டாம். அது அறுப்புக் கோட்டில் விழுந்தால் போயே போய்விடும். பயப்படவேண்டியது வெளியிலிருந்து உள்ளே இறங்கும் விரிசலுக்கு. சக்கரத்தில் வைக்கும்போது அது வளரும்.

ஜன்னல் திறக்காமல் பேசினால் புரோக்கர் தோலின் நிறத்துக்குத்தான் விலை சொல்வார். வெளிநாட்டுக்கு அனுப்பும் யோசனை இருந்தால், தீட்டாத கல்லுக்குக் கிம்பர்லி சான்று (போருக்குப் பணம் தரும் வைரம் அல்ல என்ற சான்று) கட்டாயம். பையில் போட்டுக் கொண்டுபோக முடியாது.