இண்டக்‌ஷன் போட்டால் பத்து நிமிடத்தில் எம்சிபி விழுகிறது: சேலம் சர்வீஸ் அபார்ட்மென்ட்

சேலம் பேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்டில், அப்பாவின் சிகிச்சைக்காக மாத வாடகையில் தங்கியிருக்கிறோம். உப்பு குறைத்த பத்தியச் சாப்பாடு என்பதால் ஹோட்டல் சாப்பாடு ஆகாது. இங்கே கேஸ் சிலிண்டருக்கு அனுமதி இல்லை. இருப்பது 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றுதான்.

போன வாரத்திலிருந்து 1600 வாட்டில் வைத்தால் பத்து, பதினைந்து நிமிடத்தில் சமையலறை எம்சிபி (லோடு அதிகமானாலோ ஷார்ட் ஆனாலோ தானாக கரண்டை நிறுத்தும் சுவிட்ச்; இது சி16, அதாவது 16 ஆம்பியர்) விழுகிறது. ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் நிறுத்தும் சுவிட்ச்) விழுவதில்லை, அதனால் எர்த் லீக்கேஜ் மாதிரி தெரியவில்லை. போட்ட உடனே விழாததால் ஷார்ட் சர்க்யூட்டும் இருக்காது. 800 வாட்டில் விழுவதில்லை, ஆனால் குக்கரில் பருப்பு வேக நெடுநேரம் ஆகிறது.

கீசர், மிக்ஸி இரண்டையும் நிறுத்திப் பார்த்தாயிற்று. அதே லைனில் மிச்சம் இருப்பது சின்ன ஃபிரிட்ஜ் மட்டும். 230 வோல்ட்டில் 1600 வாட்டுக்கு 7 ஆம்பியர், ஃபிரிட்ஜோடு சேர்த்தாலும் 16-ஐ நெருங்காது. அதே அடுப்பை ஹாலில் ஏசிக்கான 16 ஆம்பியர் பிளக்கில் (அதற்குத் தனி எம்சிபி) போட்டால் அரை மணி நேரம் நிற்காமல் ஓடுகிறது. ஆக, அடுப்பில் கோளாறு இல்லை.

எம்சிபி விழுந்ததும் தொட்டால் அது மட்டும் நன்றாகச் சுடுகிறது, பக்கத்தில் இருப்பவை சுடவில்லை. சமையலறை பிளக் லேசான சூடுதான். பராமரிப்பு ஆள் "லோடு அதிகம், குறைத்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போர்டைத் திறக்க எங்களுக்கு அனுமதி இல்லை.

எலக்ட்ரீஷியன் வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: இது எம்சிபி டெர்மினல் (வயரை முடுக்கும் இடம்) லூசாகிச் சூடாவதா, இல்லை எம்சிபியையே மாற்ற வேண்டுமா?