ஓக் மரம், ஹாப்ஸ் கொடி: வளர்த்தவர்களும் பார்த்தவர்களும் சொல்லுங்கள்

காட்பாடி மாடித்தோட்டம்

பெங்களூரில் செடி சேகரிக்கும் நண்பர் ஹாப்ஸ் வேர்த்துண்டு ஒன்று கொடுத்தார். பீரில் கசப்புக்குப் போடுவார்களே, அந்தக் கொடிதான். தை மாதம் மாடியில் பெரிய பையில் நட்டு, தண்ணீர்த் தொட்டி வரைக்கும் கயிறு கட்டிவிட்டேன். நன்றாகத்தான் முளைத்தது. ஆனால் இடுப்பு உயரம் வருவதற்குள் பூத்துவிட்டது! கட்டைவிரல் நகம் அளவுக்குச் சின்னச் சின்னப் பச்சைக் கூம்புகள். ஒன்றைக் கிள்ளிக் கசக்கினேன். உள்ளே மஞ்சள் பொடி. சோப்புப் போட்டுக் கழுவியும் அன்று மத்தியானம் சோற்றில் கை வைத்தால் கசப்பு. அந்தக் கசப்பு இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

கத்திரி தொடங்கியதும் நிழல்வலை போட்டும் கொடி நிற்கவில்லை. "வேலூர் வெயிலில் வேறென்ன ஆகும்" என்று வீட்டில் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். ஆனால் வெயில் வந்தது பின்னால், பூத்தது முன்னால். அதுதான் உறுத்துகிறது. அதே நண்பர் கொடுத்த ஓக் கன்று (இமயமலைப் பக்கத்து முசூரியிலிருந்து வந்த விதை) பக்கத்துப் பையில் முழங்கால் உயரத்தில் நிற்கிறது. சாகவும் இல்லை, வளரவும் இல்லை. இரண்டும் குளிர்ப் பிரதேசத்துச் சரக்குதானே, ஏன் இந்த வித்தியாசம்?

குடியாத்தம் டு மியூனிக்

அண்ணா, உங்கள் கொடியைக் கெடுத்தது முதலில் வெயில் இல்லை, பகல் நீளம்.

மியூனிக்குக்கு வடக்கே ஹாலர்டாவ் என்று ஒரு பகுதி, ஊர் ஊராக ஹாப்ஸ்தான். கூட வேலை செய்பவரின் மாமியார் வீடு அங்கே. மே மாதம் போயிருந்தேன். ஏழு மீட்டர் உயரத்தில் கம்பிப் பந்தல், அதிலிருந்து தரை வரை தொங்கும் கம்பிகள். நம் வெற்றிலைக் கொடிக்காலில் அகத்திக்குப் பதிலாகக் கம்பி நின்றால் எப்படி இருக்கும், அப்படி. அந்த அம்மா மண்டி போட்டு, ஒவ்வொரு கம்பிக்கும் மூன்று தளிரைப் பொறுக்கிச் சுற்றிவிட்டுக்கொண்டே போனார். எல்லாம் கடிகாரம் சுற்றும் திசையில். முந்தின நாள் யாரோ எதிர்ப்பக்கம் சுற்றிவிட்ட தளிர் ஒன்று கம்பியை விட்டுவிட்டுத் தரையில் கிடந்தது. அதைத் தூக்கிக் காட்டி, பிடிவாதக் குழந்தையைச் சொல்வதுபோல ஏதோ சொன்னார். எனக்கு ஜெர்மன் அவ்வளவு வராத நேரம், சிரித்து வைத்தேன். கொடியில் கொக்கி மாதிரி முடி உண்டு. முழங்கை வரை சிராய்ப்போடு திரும்பினேன்.

விஷயம் இதுதான். ஹாப்ஸ் வருஷா வருஷம் தரையோடு காய்ந்துவிடும். வேர்க்கிழங்கு மட்டும் குளிரில் உறங்கும். வசந்தத்தில் மறுபடி முதலிலிருந்து ஏறி, ஆகஸ்ட் கடைசியில் அறுவடை தொடங்கிவிடும். சீசனில் ஒரே நாளில் 30 செ.மீ. கூட வளரும். அதற்குத் தண்ணீர், உரம், பகல் மூன்றும் மொத்தமாக வேண்டும். பகல் நீளமாக இருக்கும்வரை ஏறும், குறைய ஆரம்பித்தால் பூக்கும். இங்கே ஜூனில் பகல் 16 மணி நேரம். வேலூரில் எந்த மாதத்திலும் 13 மணி நேரம்கூடக் கிடையாது. ஆகவே முளைத்ததுமே "சீசன் முடிந்தது" என்று பூத்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில் ஜார்ஜ் நகரப் பக்கம் இதே தொல்லைக்காக ராத்திரி விளக்குப் போட்டு வளர்த்தார்கள், அப்புறம்தான் அங்கேயே ஒத்துப்போகிற ரகங்கள் உருவாக்கினார்கள்.

ஓக்குக்கு இந்த அவசரமே இல்லை. முதல் சில வருஷம் ஆணிவேரை இறக்குவதிலேயே போய்விடும். உங்கள் கன்று பைக்கு அடியில் முட்டிக்கொண்டு நிற்கும்.

ஏலகிரி காற்று

ஓக் நம் பக்கம் வளராதா? ஏலகிரியில் எங்கள் பாட்டி வீட்டு வாசலிலேயே இரண்டு ஓக். தென்னை உயரம். மிளகுக்கொடி ஏற்றியிருந்தோம். ஒரு ராத்திரி காற்றில் படீரென்று சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் ஒன்று பாதியில் முறிந்து கோழிக்கூண்டின் மேல். கோழிகள் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கூண்டைத் தூக்கினால் எல்லாம் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தன, ஒன்றுகூடச் சாகவில்லை. ஆகவே தம்பி, தாராளமாகத் தரையில் நடுங்கள்.

ஜமுனாமரத்தூர் வாத்தியார்

ஏலகிரி அம்மா, கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் சொல்வது சில்வர் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, காப்பித் தோட்டத்து நிழல் மரம். ஓக்குக்கும் அதற்கும் குடும்பமே வேறு. இலை பெரணி மாதிரி கீறிக்கீறி இருக்கும், அடியில் வெள்ளை, காற்றுக்குச் சட்டென்று முறியும். தீபகற்ப இந்தியாவில் இயற்கையாக ஓக்கே கிடையாது, இமயமலையில்தான்.

நான் பார்த்தது அல்மோராவில். பெண்கள் ஓக் தழையை மாட்டுக்காக முதுகில் சுமந்துகொண்டு இறங்கினார்கள். சுமைக்கு உள்ளே ஆள் இருப்பதே தெரியவில்லை, தழைக்கட்டு தானாக நடந்துவருகிறது என்றே நினைத்தேன். அவ்வளவுதான் என் கதை.

காட்பாடித் தம்பிக்குச் சில யோசனைகள். ஓக் விதை காய்ந்தால் செத்துவிடும், விழுந்த சூட்டோடு நட வேண்டும். தண்ணீரில் போட்டு மிதப்பதைத் தள்ளிவிடுங்கள். பை அகலமாக இருந்தால் போதாது, ஆழமாக இருக்க வேண்டும். வேர் சுருண்ட கன்று பிற்காலத்தில் சாய்ந்துவிடும். முசூரி ஓக் 1,200 மீட்டருக்கு மேலே, ஈரக்காற்று இருக்கும் சரிவில் நிற்கும் மரம். வேலூர் ஊரே சுமார் 220 மீட்டர்தான். அது பிழைத்தாலும் விதை பார்க்கப் பல வருஷம் ஆகும், ஐரோப்பிய ஓக் நன்றாகக் காய்க்க 40 வருஷம்கூட எடுக்கும். மரம்தான் வேண்டும் என்றால் புங்கன் வையுங்கள், நிழலும் வரும், பராமரிப்பும் இல்லை. இடம் இருந்தால் கடுக்காய் வையுங்கள், ஜவ்வாது மலை மரம். கொடிதான் வேண்டும் என்றால் வெற்றிலை வையுங்கள். மாடியில் வடக்குப் பக்கம், காலையும் மாலையும் தண்ணீர், வேரில் மட்டும் தேங்கக் கூடாது. மண்ணில் பாதிக்குப் பாதி மட்கிய எரு. காம்பில் அழுகல் வந்தால் அந்தக் கொடியை அப்படியே பிடுங்கிவிடுங்கள், பக்கத்துக் கொடிக்குப் பரவும்.

காட்பாடி மாடித்தோட்டம்

சார், வெற்றிலையை நான் கேட்கவே இல்லையே!

ஆம்பூர் தோல் வீடு

வாத்தியார் கடுக்காய் என்றதும் எழுதத் தோன்றியது. அப்பா காலம் முழுக்கத் தோல் பதனிடும் தொழில். குரோம் உப்பில் பதனிடுவது வருவதற்கு முன்பு இங்கே எல்லாம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான், அந்தத் தோல் கப்பலேறி இங்கிலாந்து போகும். ஐரோப்பாவில் அதே வேலைக்கு ஓக் பட்டை. மரத்தில் நீரோட்டம் ஏறும் வசந்தத்தில் பட்டையை உரித்து, காயவைத்து, இடித்துக் குழியில் போடுவார்கள். கனத்த தோல் ஒரு வருஷத்துக்கு மேல் ஊறும். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் அப்படிச் செய்கிற கூடம் ஒன்று இன்றைக்கும் இருக்கிறது.

அங்கிருந்து வந்த ஒருவர் அடித்தோல் துண்டு ஒன்றை அப்பாவிடம் கொடுத்தார். அப்பா வளைத்துப் பார்ப்பார், மோந்து பார்ப்பார் என்று நினைத்தேன். ஓரத்தை நாக்கில் வைத்துவிட்டார்! வந்தவருக்கு முகம் போன போக்கு! அப்பா நிதானமாக, "துவர்ப்பு கம்மி, ஆனா ஆழமா ஏறியிருக்கு" என்றார். அவருக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்ல எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்தத் துண்டு ரொம்ப நாள் மேசையில் காகிதத்தின் மேல் பாரமாக இருந்தது.

குடியாத்தம் டு மியூனிக்

அக்கா, அந்தத் துவர்ப்புதான் மது ஊறவைக்கும் ஓக் பீப்பாயிலும். ஓக்கில் வெள்ளை வகையை மட்டும்தான் பீப்பாய்க்கு எடுப்பார்கள். அதன் நீர்க்குழாய்கள் உள்ளுக்குள்ளேயே அடைபட்டிருக்கும், ஒழுகாது. சிவப்பு ஓக் துண்டில் ஒரு முனையில் வாய் வைத்து ஊதினால் மறுமுனையில் காற்று வரும், பீப்பாய் செய்யும் இடத்தில் ஊதிக் காட்டினார்கள். ஹாப்ஸிலும் வேண்டியது பெண் கொடி மட்டும்தான், கூம்பில் இருக்கும் அந்த மஞ்சள் பொடிதான் சரக்கு. கசப்பு மட்டும் இல்லை, பீர் கெட்டுப்போகாமலும் காக்கும். விதை பிடிக்கக் கூடாது என்று காட்டில் தானாக முளைக்கும் ஆண் கொடியைக்கூடப் பிடுங்கிவிடுவார்கள்.

ஏலகிரி காற்று

செடி பேச்சு என்று வந்தால் கடைசியில் குடியில்தான் வந்து நிற்கிறீர்கள்.

குடியாத்தம் டு மியூனிக்

இல்லை அம்மா, இளந்தளிரைப் பொரியல் மாதிரி சாப்பிடவும் செய்கிறார்கள். காய்ந்த கூம்பைத் தூக்கம் வரத் தலையணையில் அடைப்பதும் உண்டு. நாய் வளர்ப்பவர்கள் மட்டும் ஜாக்கிரதை, ஹாப்ஸ் நாய்க்கு விஷம்.

மருந்துக்கடைப் பேரன்

எல்லாரும் ஓக்கைத் தேடி இமயமலைக்கும் டெவனுக்கும் போகிறீர்கள். தாத்தா கடை டப்பாவிலேயே இருந்தது. மாசிக்காய்! பேர்தான் காய், உண்மையில் அது காயே இல்லை. துருக்கி, ஈரான் பக்கத்து ஓக்கில் ஒரு சின்னக் குளவி முட்டை வைக்க, அந்த இடத்தில் மரம் திரட்டிக்கொள்ளும் உருண்டை. ஓட்டை இருந்தால் குளவி பறந்துவிட்டது என்று அர்த்தம், ஓட்டை இல்லாததற்குத்தான் விலை அதிகம்.

சின்ன வயதில் ஒரு நாள் மாசிக்காய் ஊறிய தண்ணீர் அரிவாள்மனையில் கொட்டிவிட்டது. கண்ணெதிரே நீலக்கறுப்பாக மாறியது. நான் அலறினேன், தாத்தா சிரித்துவிட்டு அதோடு அன்னபேதி என்கிற இரும்பு உப்பைக் கலந்து மையாக்கி எழுதிக் காட்டினார். ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காக எழுதியது இந்த மையில்தானாம்.

சின்ன அல்லாபுரம் நர்ஸ்

உரைமருந்தில் மாசிக்காய் உரைத்துப் பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். உரைக்கிற கல்லில் இருக்கிற அழுக்கே வயிற்றுப்போக்குக்குப் போதும். என்னிடம் வந்த ஒரு பாட்டி கல்லையே முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார்.

ஆம்பூர் தோல் வீடு

மை செய்து பார்க்கப் பையன் கேட்கிறான். அன்னபேதி எங்கே கிடைக்கும்?

மருந்துக்கடைப் பேரன்

வேலூர் லாங் பஜாரில் நாட்டு மருந்துக் கடையில் கேளுங்கள் அக்கா. பச்சையாக இருப்பதை வாங்குங்கள், பழுப்பேறியது வேண்டாம். கண்ணாடிப் பாத்திரத்தில் செய்யச் சொல்லுங்கள், பள்ளிக்கூடச் சட்டையைக் கழற்றிவிட்டு. கறை போகாது.