கேட்ஸ் கோவின் 'முதல் குடும்பம்' யார்?

ஊர்சுற்றி:
போன வாரம் அமெரிக்காவில், டென்னசி மாநிலத்தின் ஸ்மோக்கி மலைப் பக்கம் போயிருந்தோம். கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கை 11 மைல் ஒருவழிச் சாலை சுற்றி வருகிறது. முன்னால் போகிறவர் கரடியைப் பார்த்து வண்டியை நிறுத்தினால் நாமும் நிற்க வேண்டியதுதான். முதலில் வருவது ஜான் ஆலிவரின் மரக்கட்டை வீடு. 1818-ல் ஜானும் லுக்ரீஷியாவும் இங்கே வந்து இறங்கினார்கள். பிறகு ஒவ்வொரு குடும்பமாக வந்து காட்டைத் திருத்தி, மக்காச்சோளம் போட்டு, தேவாலயமும் மாவு மில்லும் கட்டினார்கள். கடைசியில் தேசியப் பூங்கா வேண்டும் என்று எல்லோரிடமிருந்தும் நிலத்தை வாங்கிவிட்டார்கள். உழைத்து ஊரை உண்டாக்கிய முதல் குடும்பத்துக்கே இந்தக் கதி. பெரிய அநியாயம்!

சோளக்கொல்லை:
'முதல் குடும்பம்' என்ற இடத்திலேயே இடிக்கிறது, ஐயா. 1818-ல் அது செரோக்கி என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் நிலம். அவர்கள் அதை விட்டுக்கொடுத்ததாகச் சொல்லும் கால்ஹவுன் உடன்படிக்கை 1819-ல்தான் வந்தது. அதாவது ஆலிவர் வந்தபோது அங்கே குடியேற அவருக்கு உரிமையே இல்லை. முதல் குளிர்காலத்தில் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் கிடந்த அந்தக் குடும்பத்துக்கு உலர்ந்த பூசணி கொடுத்துக் காப்பாற்றியது யார்? அதே செரோக்கிகள். இருபது வருடம் கழித்து, 1838-ல், ராணுவம் செரோக்கிகளை மேற்கே விரட்டியது. பூசணி கொடுத்ததற்கு நல்ல பலன்.

ஊர்சுற்றி:
விரட்டியது அரசு, ஆலிவர் இல்லையே. அவர் பிரிட்டனோடு நடந்த 1812 போரில் இருந்துவிட்டு வந்த, கையில் காசில்லாத ஆள். ஜோஷுவா ஜோப் என்பவர் சொன்னதை நம்பி வந்தார். ஜோப் திரும்பிப் போய்விட்டார், இவர்கள் குளிரில் மாட்டிக்கொண்டார்கள். அடுத்த வசந்தத்தில் ஜோப் மாடுகளோடு வந்து, லுக்ரீஷியாவைச் சமாதானப்படுத்த இரண்டு கறவை மாடு கொடுத்தாராம். (இரண்டு மாட்டுக்கு அந்த அம்மா சமாதானமானாரா என்பது வேறு விஷயம்.) இவர்களைப் போய் ஆக்கிரமிப்பாளர் என்பதா?

பழைய ஏடு:
நடுவில் வருகிறேன். ஆலிவரை மட்டும் வைத்துப் பேசினால் இரண்டு பேருக்கும் கதை சரியாக வராது. 1820-களில் வில்லியம் டிப்டன் பெரிய பெரிய நிலங்களை வாங்கி, மகன்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் விற்றார். பள்ளத்தாக்கு நிரம்பியது இப்படித்தான். 1830-ல் 271 பேர், 1850-ல் 671 பேர். கேபிள், கிரெகரி போன்ற குடும்பங்கள் ஒன்றுக்குள் ஒன்று பெண் கொடுத்து, பெண் எடுத்து, ஊரே உறவாகிவிட்டது. மில் வைத்தவர் ஒரு கேபிள்தான்.

ஞாயிறு வாசகன்:
ஒரு சந்தேகம். அமெரிக்கத் தெற்கு என்றால் அடிமைகள், பருத்தித் தோட்டம் என்றுதானே படித்திருக்கிறோம்?

பழைய ஏடு:
இது மலைத் தெற்கு, நண்பரே. சோளம் விளைகிற குடும்பப் பண்ணைகள்தான். உள்நாட்டுப் போரில் ஊரில் பெரும்பாலோர் வடக்கின் பக்கம். அதற்காக மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த தெற்குப் படையினர் மாட்டையும் தானியத்தையும் அள்ளிக்கொண்டு போனார்கள். எதிர்த்து நின்ற ரசல் கிரெகரியை 1864-ல் கொன்றார்கள். 1827-ல் தொடங்கிய பாப்டிஸ்ட் சபை போர்க்காலத்தில் கதவையே சாத்திவிட்டது.

ஊர்சுற்றி:
பாருங்கள், இவ்வளவு பட்டவர்களைத்தான் பூங்காவுக்காக வெளியே அனுப்பினார்கள். உங்கள் நிலத்தைத் தொடமாட்டோம் என்று முதலில் சொன்னார்கள். 1927-ல் கட்டாயமாக எடுக்கச் சட்டம் வந்தது. ஆலிவரின் கொள்ளுப்பேரன் வழக்கு போட்டு, மாநில உச்ச நீதிமன்றம் வரை மூன்று முறை போனார். 1937 கிறிஸ்துமஸ் அன்று நிலத்தை விட்டுவிட்டுப் போனார்.

சோளக்கொல்லை:
375 ஏக்கருக்கு 17,000 டாலரும் வட்டியும் வாங்கிக்கொண்டு போனார். கேட்க நீதிமன்றம் இருந்தது, கொடுக்கப் பணம் இருந்தது. செரோக்கிகளுக்கு?

ஊர்சுற்றி:
அது வேறு அநியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைக் காட்டி இதைச் சரி என்று சொல்லிவிட முடியாது. பணம் வாங்கினால் வலி போய்விடுமா? அந்த பாப்டிஸ்ட் சபை பூங்கா நிர்வாகத்தை மீறி 1960-கள் வரை அங்கேயே கூடியிருக்கிறது.

சோளக்கொல்லை:
சரி, சரி என்று சொல்லவில்லை. வெளியேற்றியது தப்புதான். 'முதல்' என்ற வார்த்தையை மட்டும் எடுங்கள், சண்டை முடிந்தது.

பழைய ஏடு:
அந்த வார்த்தையைப் பிடித்து வைத்திருப்பது பூங்காதான். 1930-களில் இங்கே பலகை அடித்து, வெள்ளை பூசிய நல்ல வீடுகளும் இருந்தன. அவற்றை இடித்துவிட்டுப் பழைய மரக்கட்டை வீடுகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். சில வீடுகளை வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து மில் பக்கத்தில் நிறுத்தினார்கள். வெளியே போனவர்கள் கார் ஓட்டிய காலத்து மனிதர்கள். நீங்கள் பார்த்துவிட்டு வந்தது அவர்கள் தாத்தா காலத்து வீடு.

ஊர்சுற்றி:
இது எனக்குத் தெரியாது. மாடமெல்லாம் தொட்டுப் பார்த்து உருகிவிட்டு வந்தேன்! ஆனாலும் 'முதல்' என்பதை முழுசாக விட மனசு வரவில்லை. 'முதலில் வந்த வெள்ளைக் குடும்பம்' என்று மாற்றிக்கொள்கிறேன், போதுமா?

சோளக்கொல்லை:
போதும். அடுத்த முறை 441-ஆம் சாலையில் நியூஃபவுண்ட் கேப் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்குங்கள். விரட்டலுக்குத் தப்பிய செரோக்கிகளின் வாரிசுகள் ஊரோடு இருக்கிறார்கள், அருங்காட்சியகமும் உண்டு. குளிர்காலத்தில் போனால் சாலை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், பனி விழுந்தால் மூடிவிடுவார்கள்.