கண்மாய்ச் சேற்றில் யாருமே சிக்கவில்லை: இந்த ஆண்டு ஜீப் கூடலுக்குப் போனவர்கள் சொல்லுங்கள்

எம்.எம். 540, போடி:

பொங்கல் கழிந்த இரண்டாம் சனிக்கிழமை, கண்மாய்ச் சேற்றில் ஜீப் ஓட்டும் கூடலுக்கு வழக்கம்போல் போனேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே திரும்பிவிட்டேன். பத்து முறை போனதில் அப்படித் திரும்பியது இதுதான் முதல் தடவை.

2013இல் மொத்தம் 14 வண்டிகள். கரம்பைச் சேற்றில் என் எம்.எம். 540 ஜீப் அச்சு வரை இறங்கியது. லோ ரேஞ்ச் (வேகம் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர்) போட்டு மிதித்தேன். இரண்டு சக்கரங்கள் சும்மா சுழன்றன, மற்ற இரண்டும் அசையவில்லை. அச்சின் இரு சக்கரங்களுக்கும் சுற்றைப் பிரித்துக் கொடுப்பது டிஃபரன்ஷியல். இரண்டையும் சேர்த்துப் பூட்டும் லாக்கர் அதில் இல்லாவிட்டால் அப்படித்தான், பிடிப்பில்லாத சக்கரத்துக்கே சுற்றையெல்லாம் கொடுக்கும். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் அண்ணன் ஒருவர் ஓடிவந்தார். "காலை எடு தம்பி, குழிதான் தோண்டுகிறாய்" என்றார். டயர் காற்றை 30இலிருந்து 15க்கு இறக்கினார். சக்கரத்துக்கு முன்னால் கருவேல மிலாறு போட்டார். புளியமரத்தில் நாடாப் பட்டை ஒன்றைச் சுற்றி, அதில் வின்ச்சை (கம்பி வடத்தைச் சுருட்டி வண்டியை இழுக்கும் கருவி) மாட்டினார். கம்பி வடத்தின் மேல் ஈரச் சாக்கு. வடம் அறுந்தாலும் ஆளை வெட்டாமல் சாக்கு அமுக்கிவிடுமாம். முக்கால் மணி நேரம் ஆனது. அதற்காகத்தான் அடுத்த ஆண்டும் போனேன்.

இந்த ஆண்டு வாசலில் வளைவு, தலைக்கு மேல் டிரோன், நுழைவுக் கட்டணம் 3,500 ரூபாய். பாதையைப் பொக்லைன் வைத்துச் செதுக்கியிருக்கிறார்கள். தப்பித்தவறி யாராவது சிக்கினால் டிராக்டர் இரண்டே நிமிடத்தில் இழுத்துப் போடுகிறது. ஓட்டுபவர் செருப்பில்கூடச் சேறு படுவதில்லை. வரிசையில் பின்சக்கர இழுவை மட்டும் உள்ள மகிந்திரா தார் வண்டி ஒன்றும் நின்றது!

அந்த அண்ணனையும் பார்த்தேன். பந்திப் பாத்திரம் ஏற்றி வந்திருந்தார். "என் தோட்டத்துப் பாதையே இதைவிட மோசம் தம்பி" என்றார்.

ஜிப்சி, திண்டுக்கல்:

பாதிதான் ஒப்புக்கொள்வேன் அண்ணா. டிராக்டர் வந்ததற்கு நாம்தான் காரணம். 2018இல் ஒருவர் கயிற்றை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் கொக்கியில் மாட்டாமல் பம்பரில் கட்டினார். இழுத்த இழுப்பில் பம்பர் பிய்ந்து பறந்து எதிர் வண்டிக் கண்ணாடியில் இறங்கியது. உள்ளே ஆள் இல்லாதது யார் செய்த புண்ணியமோ. அதன் பிறகும் அவரவர் கயிறு, அவரவர் வித்தை என்று விட்டுவிட முடியுமா?

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். முதல் ஆண்டு நான் என் ஜிப்சியில், முன்சக்கரத்தை அச்சோடு இணைக்கும் ஹப்பைப் பூட்டாமலே ஃபோர் வீல் கம்பியைப் போட்டுக்கொண்டு, வண்டி நகரவில்லையே என்று விழித்தேன். சுற்றி நின்றவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு அவர்களே வந்து பூட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த ஆண்டு நான் குனிந்து ஹப்பைத் திருப்பும்போது ஓர் இளைஞர், "என்ன செய்கிறீர்கள் அக்கா?" என்று கேட்டார். மகிழ்ந்துபோய் முழுவதும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் அக்கா, வண்டியை மட்டும் படம் எடுத்துக்கொள்கிறேன்" என்றார்.

தார், மதுரை:

வரிசையில் நின்ற அந்தத் தார் என்னுடையதாகத்தான் இருக்கும். 2023இல் இந்த வகை வந்ததும் வாங்கினேன். நான்கு சக்கர இழுவைக்குக் கையில் பணம் போதவில்லை. பதிவு செய்யும்போது பணத்தைக் கேட்டார்களே தவிர, எந்தத் தார் என்று யாரும் கேட்கவில்லை. உள்ளே போனதும் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார்கள். நாள் முழுக்க ஓரமாக நின்றேன். சேற்றில் மாட்டியிருந்தாலாவது வீட்டில் சொல்ல ஒரு கதை கிடைத்திருக்கும்.

அண்ணா, அந்தத் தோட்டத்து ஜீப்பில் நானும் ஒரு நாள் சேர்ந்து போக முடியுமா? வாடகை எவ்வளவு கேட்பார்?

எம்.எம். 540, போடி:

கேட்டுவிட்டேன். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்புவார். வாடகை வேண்டாமாம், மண்வெட்டி ஒன்று கொண்டுவரச் சொன்னார்.