சரக்கொன்றைன்னு கேட்டு வாங்கினேன், வந்தது வேற மரம்

மதுரையிலிருந்து:
ஏழு வருஷம் முன்னாடி வீட்டு வாசலுக்குன்னு ஒரு நர்சரியில் சரக்கொன்றை கேட்டு வாங்கினேன். இலை புளிய இலை மாதிரி பொடிப்பொடியா இருந்தது. கன்றுதானே, போகப்போகப் பெரிசாகும்னு விட்டுட்டேன். போன மே மாசம் முதல் பூ. சரம் எதுவும் தொங்கலை. கொத்துக் கொத்தா வானத்தைப் பார்த்து நிக்குது, மொட்டெல்லாம் துருப்பிடிச்ச ஆணி நிறம். பக்கத்து வீட்டுத் தாத்தா அண்ணாந்து பார்த்தார். "இது இயல்வாகைப்பா. காய் வரட்டும், செம்புத் தகடாட்டம் இருக்கும்." அப்படியேதான் வந்தது. நிழலுக்குக் குறையில்லை. ஆனா சுவரிலிருந்து மூணடியில் வெச்சது என் புத்தி. இப்ப காம்பவுண்டில் கை நுழையுற விரிசல். இப்படி வேற யாருக்காவது ஆச்சா?

திருச்சியிலிருந்து:
நான் ஏமாறாம இருக்கணும்னு விதையே போட்டேன். கோவில் மரத்தடியில் கிடந்த காய், முழங்கை நீளம், உருண்டையா கறுப்பா இருக்கும். உடைச்சா உள்ளே காசு அடுக்கின மாதிரி தடுப்பு, ஒவ்வொரு அறைக்கும் ஒரு விதை, சுத்தி புளி மாதிரி கறுப்புப் பிசுக்கு. 20 விதையை அப்படியே ஊன்றினேன். ஒண்ணுகூட எட்டிப் பார்க்கலை. அவ்வளவு கெட்டித் தோல். அடுத்த தடவை உப்புத்தாளில் ஓரத்தைத் தேய்ச்சு ராத்திரி முழுக்கத் தண்ணியில் போட்டேன். காலையில் உப்பினதை மட்டும் ஊன்றிட்டு, உப்பாததை மறுபடி தேய்ச்சேன். 13 முளைச்சது.

மூணாம் வருஷம் ஒரு செடியில் காம்பைத் தவிர மிச்சமில்லை, அத்தனையும் பச்சைப் புழு. மருந்தைக் கலக்கிட்டேன். பொண்ணு வாளியைப் பிடுங்கிட்டா. பத்துப் பதினஞ்சு நாளில் வாசல் பூரா கொன்னை வெள்ளையன் பட்டாம்பூச்சி! செடியும் தானாத் துளிர்த்துடுச்சு.

கூடலூரிலிருந்து:
மலைக்கு வர்றவங்க ரோட்டோரம் மஞ்சளா பூத்ததைப் பார்த்துட்டு கன்று பிடுங்கிட்டுப் போறாங்க, தயவுசெஞ்சு வேண்டாம். அது தென் அமெரிக்காப் பக்கத்துச் சென்னா ஸ்பெக்டாபிலிஸ். முதுமலைக் காட்டில் கீழே புல்லை முளைக்க விடாம பரவினது அதுதான். வனத்துறை அகற்றிட்டுத்தான் இருக்கு. வெட்டினா அடியிலிருந்து பத்துக் கிளை கிளம்பும். இதுக்கும் பூங்கொத்து நிமிர்ந்தே நிக்கும், சரக்கொன்றைக்குத் தொங்கும். எங்க ஊரில் ரெண்டையுமே கொன்னைன்னு சொல்லிடுறாங்க, குழப்பமே அங்கேதான்.

சென்னையிலிருந்து:
எங்க தெருவில் இருந்தது டபேபுயா, அதுவும் மஞ்சளா பூக்குற மரம்தான். இலை கொட்டின மொட்டைக் கிளையில் பூ மட்டும், குழல் வடிவில். இலை விரல் விரிச்ச மாதிரி, பட்டை தக்கை. கட்டை உறுதி கிடையாது. ஒரு புயலில் பாதி மரம் யாரோ நிறுத்தின ஸ்கூட்டர் மேல.

மதுரையிலிருந்து:
திருச்சி அண்ணே, தாத்தா ரெண்டு காய் கொண்டுவந்து தந்திருக்கார், உருண்டைதான், பார்த்துட்டேன். உப்புத்தாள் எந்த நம்பர் வாங்கணும்? இந்தத் தடவை சுவரிலிருந்து பதினஞ்சடி.